சென்னையில் புதுவீடு: குழாயைத் திறந்தால் என்ன வருகிறது?

சென்னையில் ஒரு வீட்டுக்குள் ஒரே தண்ணீர் வருவதில்லை. சமையலறைக் குழாயில் ஒன்று, குளியலறையில் வேறொன்று, வாசலில் கேனில் ஒன்று, கோடை வந்தால் லாரியில் இன்னொன்று. வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கியவர்கள் முதல் மாதமே "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கல, முடி கொட்டுது" என்பார்கள். அடுத்த மாதம் சுவரில், உப்பை வடிகட்டும் ஓர் ஆர்ஓ இயந்திரம் ஏறிவிடும். எந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, அதில் எது அதிகமாக இருக்கிறது, அதை அந்த இயந்திரம் எடுக்குமா என்று யாரும் கேட்பதில்லை. சமையலறையில் மாட்டிய இயந்திரம் குளிக்கிற தண்ணீரைத் தொடாது என்பதுகூட நினைவுக்கு வராது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பணமும் மிச்சம், கவலையும் குறைவு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம் சோதித்துப் பாருங்கள். இயந்திரம் கடைசியில். அது தேவையே இல்லாமலும் போகலாம்.

கிருமிகளைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. அவற்றைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். இங்கே பேசப்போவது உப்பு, இரும்பு, நைட்ரேட், ஈயம், குரோமியம் என்று கொதிக்க வைத்தாலும் போகாதவற்றைப் பற்றி. கொதிக்கும்போது நீர் ஆவியாகிப் போய், இவை பாத்திரத்திலேயே தங்கும் என்பதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

"தண்ணீர்ப் பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் எந்த ஹவுஸ் ஓனரும் "அதெல்லாம் இல்லைங்க, இருபத்துநாலு மணி நேரமும் வரும்" என்றுதான் சொல்வார். பொய் இல்லை. மோட்டார் போட்டால் போரிலிருந்து (ஆழ்துளைக் கிணற்றிலிருந்து) வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்:

மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள்?
மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) விழுகிறதா, தனித்தனியா?
சமையலறைக் குழாய்க்கு எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது?
போர் எத்தனை அடி? செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது?
கோடையில் லாரி வாங்குகிறார்களா? வாங்கினால் எங்கே ஊற்றுகிறார்கள்?

இவற்றில் இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம். பல வீடுகளில் எல்லாமே ஒரு சம்பில் கலந்து, ஒரே மாடித் தொட்டிக்கு ஏறி, எல்லாக் குழாய்க்கும் இறங்கும். அப்படி இருந்தால், இன்று நன்றாக இருக்கும் தண்ணீர் மூன்று நாளில் உப்புக் கரிக்கும். மெட்ரோ தண்ணீர் தீர்ந்து போர் தண்ணீர் மட்டும் நிற்கும் நாளில் என்ன வருகிறதோ அதுதான் உங்கள் வீட்டின் மோசமான நிலை. அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஓனரிடம் கேட்டதை வாட்ச்மேன் அண்ணனிடமும் கீழ்வீட்டு அக்காவிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். உண்மை பெரும்பாலும் கீழ்வீட்டில்தான் கிடைக்கும்.

மெட்ரோ தண்ணீர் என்பது என்ன

1978இல் தொடங்கிய சென்னைக் குடிநீர் வாரியத்தைத்தான் ஊரில் எல்லோரும் 'மெட்ரோ வாட்டர்' என்கிறார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், 2020இல் சேர்ந்த தேர்வாய்கண்டிகை ஆகிய ஏரிகள். ஆந்திராவின் கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர். 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி நீர். மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். இத்தனையும் சேர்ந்ததுதான் அது. உங்கள் தெருவுக்கு இந்த மாதம் வருவது அடுத்த மாதம் வேறு இடத்து நீராக இருக்கலாம். ருசி மாறினால் உடனே பயப்பட வேண்டாம். மழைக்குப் பிறகு ஏரி நீரில் உப்பு குறையும், ஏரி வற்றும் கோடையில் கூடும்.

ஏரி நீர் படிகாரத்தில் கலங்கல் அடங்கி, மணல் வடிகட்டியைத் தாண்டி, குளோரின் கலந்து வருகிறது. குழாயில் லேசாக ப்ளீச்சிங் பவுடர் வாடை வந்தால் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே தர விதி. வாடை பிடிக்கவில்லை என்றால் வாய் அகன்ற பாத்திரத்தில் துணியால் மூடி இரவு முழுக்க வையுங்கள், காலையில் பெரும்பாலும் போயிருக்கும். நீரில் இலைதழைக் கழிவு அதிகமாக இருக்கும்போது குளோரின் அதோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற துணைப்பொருட்களை உண்டாக்கும். இது நிஜமான விஷயம்தான். அதற்குச் சாதாரண கார்பன் வடிகட்டி போதும். அதைக் காரணம் காட்டிக் குளோரினே வேண்டாம் என்பது மட்டும் ஆபத்தான யோசனை.

மெட்ரோ தண்ணீரின் பலவீனம் சுத்திகரிப்பு நிலையத்தைவிட, நிலையத்துக்கும் உங்கள் சம்புக்கும் நடுவில்தான் அதிகம். தண்ணீர் விட்டுவிட்டு வருவதால் குழாய் பாதி நேரம் காலியாகக் கிடக்கிறது. விரிசல் இருந்தால் பக்கத்தில் தேங்கிய சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வந்ததும் முதல் சில நிமிடங்கள் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்து அப்புறம் தெளிந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். முதல் தண்ணீரைச் சம்புக்குள் விடாமல் வெளியே விடுங்கள். தெளியாமல் தொடர்ந்தால் 1916க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள்.

போர் தண்ணீர்: ஏரியா மாறினால் பிரச்சினையும் மாறும்

தெற்கே வேளச்சேரி, மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் பக்கம் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். குழாயிலிருந்து வரும்போது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். பக்கெட்டில் அரை மணி நேரம் வைத்தால் மஞ்சளாகிவிடும். நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறுகிறது, அவ்வளவுதான். இந்த அளவு இரும்பு விஷம் இல்லை, ஆனால் வெள்ளைச் சட்டை போய்விடும், டைல்ஸ் போய்விடும், ஆர்ஓ இயந்திரத்தில் உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வான மெம்பிரேனும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடங்களில் மேல்மட்டத்தில் நல்ல நீர் உண்டு. ஆசைப்பட்டு ஆழமாகவும் அதிகமாகவும் உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே நகரும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வடக்கே மீஞ்சூர்தான் சாட்சி. ஆலைகளுக்கும் நகரத்துக்கும் வயலுக்குமாகப் பல ஆண்டுகள் இறைத்ததில் அங்கே கடல்நீர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் வந்துவிட்டது. ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கத்துப் பெரிய அடுக்குமாடிகளில் பல இன்னும் லாரியையும் போரையுமே நம்பி இருப்பதால், அங்கே உப்பும் கடினத்தன்மையும்தான் முதல் கேள்வி.

பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணி பக்கம் என்றால் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் பழைய வரலாறு உண்டு. அங்கே நிலத்தடி நீரைச் சோதிக்கும்போது குரோமியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் எண்ணெயும் பெட்ரோகெமிக்கலும். 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து, போர் தண்ணீரிலேயே பெட்ரோல் வாடை அடித்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் பரவியது. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளின் அக்கம்பக்கத்தில் குப்பையிலிருந்து ஊறி இறங்கும் கழிவுநீர் நிலத்தடியில் கலக்கும். இந்த மூன்று வகை இடங்களிலும் போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல இயந்திரம் இருந்தாலும்கூட.

புறநகர்ப் புது மனைகளில் வேறொன்று. பாதாளச் சாக்கடை வராத இடத்தில் அரை கிரவுண்டு மனைக்குள் ஒரு மூலையில் செப்டிக் டேங்க், இன்னொரு மூலையில் போர். பக்கத்து வீட்டிலும் அப்படியே. அங்கே நைட்ரேட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை, ருசியும் இல்லை.

கண், மூக்கு, சோப்பு, டீ

ஆய்வகத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே சிலவற்றைத் தெரிந்துகொள்ளலாம்.

சோப்பு நுரைக்கவில்லை, குக்கரில் பருப்பு வேக நேரம் பிடிக்கிறது, கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறது என்றால் கடினநீர். கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அந்தப் பொருக்கில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக் கரையும். இது கிட்னியைக் கெடுக்கும் விஷம் என்று பலர் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் உறுதியாகவில்லை. முடி வறண்டு முரடாவது உண்மை. முடி கொட்டுவதற்கு இதுதான் காரணம் என்பதும் உறுதியாக நிரூபிக்கப்பட்டதில்லை.

இரும்பு இருக்கிறதா என்று பார்க்கப் பால் சேர்க்காத டீ டிகாஷன் போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் விடுங்கள். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் இரும்பு நிறைய இருக்கிறது. டீயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து மையாகிறது. கசக்கிய கொய்யா இலையும் இதே வேலையைச் செய்யும். கேன் தண்ணீரில் ஒரு டம்ளரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆழமான போரிலும் வரும், சாக்கடை கலந்தாலும் வரும், வெகுநாள் கழுவாத சம்பிலும் வரும். சம்பைக் கழுவிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

பெட்ரோல், தின்னர், பெயின்ட் வாடை வந்தால் சோதனை, யோசனை எதுவும் வேண்டாம். குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், முக்கியமாகக் கொதிக்க வைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் அந்த ஆவியை நீங்களே சுவாசிப்பீர்கள். மோட்டாரை நிறுத்திவிட்டுப் புகார் செய்யுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

பேனா அளவில் ஆன்லைனில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் நல்ல பொருள்தான். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையில் அளப்பது நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே. அதிலிருந்து கரைந்த உப்பின் மொத்த அளவை, அதாவது டிடிஎஸ்ஸை, கணித்துச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கால்சியமும் நைட்ரேட்டும் அதற்கு ஒன்றுதான். ஈயமோ ஆர்சனிக்கோ ஆபத்தான அளவு என்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டுவது. 400 காட்டும் மீட்டரில் அது ஒரு புள்ளியைக்கூட அசைக்காது. பூச்சிமருந்து, பெட்ரோல், கிருமி இவற்றை அது பார்ப்பதே இல்லை.

அப்படியானால் எதற்கு? மாற்றத்தைக் கண்டுபிடிக்க. சமையலறைக் குழாயை வாரத்துக்கு ஒருமுறை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். 450 இருந்தது ஒருநாள் 1,400 ஆனால் சம்பில் இப்போது போரோ லாரியோ மட்டும்தான் இருக்கிறது. ஆர்ஓவிலிருந்து வரும் நீரின் அளவு மெல்ல மெல்ல ஏறினால் மெம்பிரேன் போய்க்கொண்டிருக்கிறது. சர்வீஸ்காரர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு வித்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வரும் விற்பனையாளர்களில் சிலர் இரண்டு டம்ளர் கேட்பார்கள். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை வைத்து ஸ்விட்சைப் போடுவார்கள். குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் சேறாக, கறுப்பும் பச்சையுமாகப் பொங்கும். ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருக்கும். "பாருங்க மேடம், இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீங்க" என்பார். பொங்கியது கருவியின் இரும்புக் கம்பி. உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும், கம்பி கரைந்து துருவாகும். உப்பில்லாத நீரில் மின்சாரம் பாயாது, ஒன்றும் நடக்காது. அந்த ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பொங்கும், அவரும் கிளம்பிவிடுவார்.

ஆய்வகம்

இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அடிப்படை வேதிச் சோதனைக்கான கட்டணம் சொற்பம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர்ப் பகுப்பாய்வுக்கென்றே அரசு ஆய்வகம் இருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டம்தோறும் ஆய்வகங்கள் உண்டு. தனியாரிடம் போனால், ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, அது நீங்கள் கேட்கும் சோதனைக்கு உண்டா என்று பாருங்கள். இயந்திரம் விற்கும் கடையே 'இலவசமாக' சோதித்துத் தருவதாகச் சொன்னால் முடிவு என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உப்புச் சோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு விளிம்பு வரை நிரப்புங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டில், எண்ணெய் பாட்டில் வேண்டாம். கிருமிச் சோதனையும் வேண்டுமென்றால் அதற்கு ஆய்வகமே கிருமி நீக்கிய பாட்டில் தரும். அதை அலசக் கூடாது. குளிர்ச்சியாக வைத்து சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உலோகங்களுக்குத் தனிப் பாட்டில், அதில் அமிலம் சேர்த்துத் தருவார்கள். குழாய் வழியாக ஈயம் வருகிறதா என்று பார்ப்பதானால் காலையில் எழுந்து முதலில் திறக்கும் தண்ணீரையே பிடிக்க வேண்டும், இரவெல்லாம் குழாயில் நின்றது அதுதான். போர் தண்ணீருக்கு நேர்மாறு: மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்பே பிடியுங்கள். பாட்டிலில் எந்தத் தண்ணீர், எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி ஒட்டுங்கள்.

எதையெல்லாம் சோதிக்கச் சொல்வது? எல்லோருக்கும்: பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு, அம்மோனியா. போர் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்கள் ஈயம், ஆர்சனிக், மாங்கனீஸ் சேர்த்துக்கொள்ளலாம். தோல் ஆலைப் பக்கம் குரோமியம்.

அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரம்புகள் போட்டிருக்கும். முதலாவது ஏற்கத்தக்க வரம்பு. இரண்டாவது, வேறு வழியே இல்லாத இடத்தில் பொறுத்துக்கொள்ளும் வரம்பு. டிடிஎஸ்ஸுக்கு முதலாவது 500, இரண்டாவது 2,000. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1,000. ஃபுளோரைடுக்கு 1, 1.5. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. பல ஆய்வகங்கள் இரண்டாவது வரம்பை வைத்தே 'குடிக்கத் தகுந்தது' என்று முத்திரை குத்திவிடும். டிடிஎஸ் 1,800 உள்ள தண்ணீரும் அதில் தேறிவிடும். ஆகவே கடைசி வரியை விட்டுவிட்டு எண்களைப் படியுங்கள். சென்னையில் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. முதல் வரம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரேட்டுக்கு ஒரே வரம்புதான்: 45. அதற்கு மேல் சலுகை கிடையாது. காரணம் கைக்குழந்தைகள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீரில் பால்பவுடர் கலக்கிக் கொடுத்தால், ரத்தத்தால் ஆக்சிஜனை எடுத்துச் செல்ல முடியாமல் உடல் நீலம் பூக்கும். அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுப்பது அக்கறையான காரியமாகத் தோன்றும், நைட்ரேட்டோ இன்னும் கூடும். 45ஐத் தாண்டினால் அந்தப் போரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட்டோடு அம்மோனியாவும் 0.5க்கு மேல் இருந்தால் சாக்கடையோ செப்டிக் டேங்கோ அருகிலேயே கலக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஈயம் 0.01, ஆர்சனிக் 0.01, மொத்தக் குரோமியம் 0.05. இவை தாண்டியிருந்தால் இன்னொரு முறை வேறு ஆய்வகத்தில் சோதித்து உறுதி செய்துகொண்டு, அதுவரை குடிப்பதை நிறுத்துங்கள். ஈயம் பெரும்பாலும் தெருவிலிருந்து வருவதில்லை. வீட்டுக்குள்ளேயே பழைய குழாய், பித்தளைக் குழாய்முனை, ஈயம் கலந்து செய்த பழைய பிவிசி குழாய் இவற்றிலிருந்து இறங்கும். காலையில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தாலே கணிசமாகக் குறையும். ஓடவிட்டதைப் பாத்திரம் கழுவாமல் செடிக்கோ கழிப்பறைக்கோ விடுங்கள்.

அண்மையில் அடிபடும் இன்னொரு பெயர் பிஃபாஸ். ஒட்டாத தவா, மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை எல்லாவற்றிலும் இருக்கும், எளிதில் சிதையாத வேதிப்பொருட்களின் கூட்டம். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் அடையாறு, பக்கிங்காம் கால்வாய், பெருங்குடி கிடங்கின் சுற்றுப்புற நிலத்தடி நீரில் இவற்றைக் கண்டிருக்கிறார்கள். ஐஎஸ் 10500இன் 2012 பதிப்பில் இதற்கு வரம்பே இல்லை, சாதாரண ஆய்வகங்களில் சோதிக்கவும் மாட்டார்கள். ஒரு குடும்பம் செய்யக்கூடியது, அந்த இடங்களின் போர் தண்ணீரைத் தவிர்ப்பது. ஆர்ஓ மெம்பிரேன் இதைப் பெருமளவு தடுக்கும்.

இப்போது இயந்திரம்

எண்கள் கையில் இருந்தால் முடிவு எளிது. மெட்ரோ தண்ணீர் தனியாக வருகிறது, டிடிஎஸ் 500க்குள், நைட்ரேட்டும் உலோகமும் வரம்புக்குள் என்றால் ஆர்ஓ தேவையில்லை. கார்பன் வடிகட்டியோடு யுவி (கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு) இருக்கும் சின்ன இயந்திரமோ, வடிகட்டிக் கொதிக்க வைத்து மண்பானையில் ஊற்றுவதோ போதும். 500க்குக் கீழே உள்ள நீருக்கு ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அதே 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது.

உப்போ நைட்ரேட்டோ உலோகமோ அதிகம் என்றால் ஆர்ஓதான். கார்பனும் யுவியும் அவற்றைத் தொடாது. வாங்கும்போது 'டிடிஎஸ் கண்ட்ரோலர்' என்ற திருகைப் பற்றிக் கேளுங்கள். ருசிக்காக மெம்பிரேனைத் தாண்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடும் வால்வு அது. உப்பு மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. நைட்ரேட்டுக்காகவோ குரோமியத்துக்காகவோ ஆர்ஓ வாங்கினீர்கள் என்றால் அந்தத் திருகு வழியாக அதுவே திரும்ப வரும். மூடி வைக்கச் சொல்லுங்கள். வெளியே தள்ளும் நீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். உப்பு மிகுந்தது என்பதால் செடிக்கு வேண்டாம்.

இரும்பு அதிகம் என்றால் ஆர்ஓவுக்கு முன்னால், முடிந்தால் தொட்டிக்கு ஏறும் இடத்திலேயே இரும்பு வடிகட்டி. வாடகை வீட்டில் அது நடக்காது என்றால் இரவு பக்கெட்டில் பிடித்து வைத்துக் காலையில் மேலாக மொண்டு துணி துவையுங்கள். கடினத்தன்மைக்கு அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் போடுவார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. குளிக்க நன்றாக இருக்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது நல்லது. டிடிஎஸ் இதனால் குறையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேனும் லாரியும்

இருபது லிட்டர் கேனில் வருவது மலையருவி நீர் இல்லை. யாரோ ஒருவருடைய போர், ஒரு ஆர்ஓ ஆலை, ஒரு மூடி. நல்ல ஆலையாக இருந்தால் நல்ல தண்ணீர்தான். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் உண்டா என்று பாருங்கள். கீறல் விழுந்து மங்கிய கேன், உள்ளே பச்சை படிந்த கேன், வெயிலில் அடுக்கி வைத்த கேன் எதையும் வாங்காதீர்கள். அவசரத்தில் 'அண்ணே இன்னிக்கு மட்டும்' என்று சீல் இல்லாததைக் கொடுத்தால், அன்றைக்குக் கொதிக்க வைத்த மெட்ரோ தண்ணீரே மேல்.

லாரியைப் பொறுத்தவரை, மெட்ரோ வாட்டரிலேயே பதிவு செய்தால் 6,000, 9,000 லிட்டர் லாரிகள் வரும். சுத்திகரித்த நீர். தனியார் லாரி பெரும்பாலும் புறநகர் விவசாயக் கிணறுகளிலிருந்தும் போர்களிலிருந்தும் எடுத்து வருவது. குழாயைச் சம்பில் இறக்குவதற்கு முன் ஒரு டம்ளர் பிடித்து டிடிஎஸ் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். மெட்ரோ தண்ணீர் விழும் சம்பிலேயே அதையும் ஊற்ற விடாதீர்கள். அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை போடத் தகுந்த விஷயம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான்: குடிநீருக்குத் தனிச் சம்பு, தனிக் குழாய்.

வருடத்துக்கு இரண்டு முறை சோதித்தால் போதும். ஒன்று மே மாதம், நிலத்தடி நீர் கீழே இறங்கி உப்பெல்லாம் செறிந்திருக்கும் நேரம். இன்னொன்று வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரி. மழைநீர் சேகரிப்பு ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் ஜனவரி அறிக்கையில் டிடிஎஸ் இறங்கியிருக்கும். மழை நன்றாகப் பெய்தும் இறங்கவில்லை என்றால் மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள், பல வீடுகளில் அது நேராகத் தெருச் சாக்கடையில் விழுகிறது. வெள்ளம் சம்புக்குள் ஏறிய வருடம் என்றால் இந்தத் தேதிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு, புதிதாக நிரப்பிய பிறகு மாதிரி எடுங்கள்.